புது காரில் மழைத்தண்ணீர் இறங்குதா? பீடிங்கை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

புது கார் வாங்கி முதல் மழையிலேயே கால்மிதி நனைந்து கிடந்தால், நம் மதுரையில் உடனே இரண்டு யோசனைதான் வரும். ஷோரூமில் போய் "ரப்பர் சரியில்லை, மாத்திக் குடுங்க" என்று சத்தம் போடுவது ஒன்று. ஆக்சசரி கடையில் இன்னொரு பீடிங்கை, அதாவது கதவு வாசலைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை, மேலே ஒட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டையும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். புது வண்டியில் ரப்பரே கெட்டுப்போய்த் தண்ணீர் இறங்குவது அபூர்வம். பெரும்பாலும் ரப்பர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. யாரோ கழற்றி, சரியாக மாட்டாமல் விட்டிருப்பார்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் காசுதான் வீண்.

இதற்குப் பெரிய மெக்கானிக் வேலை எதுவும் தெரிய வேண்டாம். ஒரு டார்ச், பழைய தினத்தாள், மாஸ்கிங் டேப், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப், கூட ஒரு ஆள். இவ்வளவு போதும்.

முதலில்: வந்தது மழைத்தண்ணீர்தானா?

முன்பக்கம் இடது காலடியில் மட்டும் ஈரம் என்றால் பீடிங்கைத் தொடாதீர்கள். ஏசியின் குளிர்ச்சிப் பெட்டி பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதில் சேரும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஏசி ஓடியும் தரையில் சொட்டு விழவில்லை, உள்ளே மேட் மட்டும் நனைகிறது என்றால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது. கதவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் ஜாலியையும் பாருங்கள். இலையும் பூவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கே தேங்கி உள்ளே வழி தேடும். சன்ரூஃப் இருந்தால் அதன் நாலு மூலையிலும் வடிகால் குழாய் உண்டு. அது அடைத்தால் கூரைத்துணியோரம் கறை தெரியும்.

இன்னொன்று. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம் ஓடியது நினைவிருக்கும். அந்த மாதிரி கதவின் அடிவிளிம்புக்கு மேல் நிற்கும் தண்ணீரில் வண்டி நின்றால் எந்த பீடிங்கும் தாங்காது. மேலிருந்து விழும் மழைக்காகச் செய்தது அது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் போக வேண்டும், ஷோரூமிடம் இல்லை.

பீடிங்கை விரலால் படியுங்கள்

கதவைத் திறந்தால் இரண்டு ரப்பர் தெரியும். ஒன்று வண்டியின் உடம்பில், வாசலைச் சுற்றி ஓடும். உள்ளே தகடு வைத்த இதன் பிடிப்பகுதி உடம்பின் தகட்டு விளிம்பைக் கவ்விப் பிடித்திருக்கும். அதன் மேலே குழல் மாதிரி மெத்தென்ற பகுதி. இன்னொன்று கதவிலேயே கிளிப்பில் குத்தியிருக்கும். சில வண்டிகளில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். குழலில் அங்கங்கே சின்ன ஓட்டைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கதவு அமுங்கும்போது காற்று வெளியேற கம்பெனியே வைத்தது. அதைப் போய் ஒட்டிவிடாதீர்கள்.

இப்போது ஒரு மூலையில் தொடங்கி விரலை அழுத்தி வாசலை முழுச் சுற்று சுற்றி வாருங்கள். எங்கே தூக்கி நிற்கிறது, எங்கே மடங்கியிருக்கிறது, எங்கே அடியில் ஏதோ நெருடுகிறது என்று பாருங்கள். மேல் மூலைகளிலும், கீழே படியோரம் ரப்பரின் இரு முனைகள் சேரும் இடத்திலும் நிதானமாகப் பாருங்கள்.

எதைத் தேட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். டெலிவரி எடுத்தபோது படியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பாதி கிழித்துவிட்டு மீதியைப் பீடிங்குக்கு அடியிலேயே விட்டிருப்பார்கள். பாண்டி கோயிலில் பூஜை போட்டபோது கதவிடுக்கில் செருகிய மாலை நூல் இன்னும் அங்கேயே இருக்கும். இதெல்லாம் சின்னது. பெரிய சந்தேகம் ஃப்ளோர் மேட் மேல்தான். தரை முழுக்க மூடும் தோல் மேட் போடுபவர்கள் வாசல் பீடிங்கை உருவி, மேட்டின் ஓரத்தை அடியில் விட்டு, மேலே பீடிங்கை அழுத்திவிடுவார்கள். தகடு கவ்வ வேண்டிய இடத்தில் மேட் உட்கார்ந்திருக்கும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், மழைக்குத் தாங்காது. திருமங்கலத்தில் என் மச்சான் வண்டியில் இதேதான் கதை. ஷோரூம் மேல் வழக்குப் போடும் கோபத்தில் இருந்தவர், மேட் ஓரத்தை ஒரு விரல் அகலம் வெட்டியதும் சாந்தமாகிவிட்டார்.

மழை இல்லாத மாதத்திலும் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மேலூர்ப் பக்கம் மண்ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வந்து கதவைத் திறந்து பாருங்கள். பீடிங் சரியாக அமுங்கும் இடத்தில் தூசி வெளிப்பக்கமே நின்றுவிடும். இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் கோடு கோடாக உள்ளே ஏறியிருக்கும். தூசி போகும் வழியில் மழை வந்தால் தண்ணீரும் போகும்.

தாள் சோதனை

தினத்தாளை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். வாசலில் வைத்துக் கதவைச் சாத்தி, தாளை மெதுவாக இழுங்கள். இறுக்கமாக உரசிக்கொண்டு வந்தால் நல்லது. தொளதொளவென்று வந்தால் அங்கே ரப்பர் அமுங்கவில்லை. அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஒரு சாண் இடைவெளியில் சுற்றிலும் செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் எதிர்ப்பக்கக் கதவில் அதே இடத்தில் இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீர் சோதனை

வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அந்த வேகத்தில் பீடிங்கில் நேராக அடித்தால் நல்ல வண்டியிலும் தண்ணீர் புகும், எதுவும் தெரியாது. சாதாரண டியூப், முனையில் எதுவும் மாட்டாமல், தண்ணீர் வழிந்து ஓடும் அளவுக்கு மட்டும்.

ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் கதவின் கீழ்ப்பகுதியில் தொடங்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிறகு நடுப்பகுதி, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில் கூரை என்று கீழிருந்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எங்கே புகுந்தது என்று சொல்லவே முடியாது. உள்ளே இருப்பவர் முதல் சொட்டைப் பார்த்ததும் சத்தம் கொடுக்கட்டும். அந்த நேரத்தில் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பின்னால் உதவும்.

தண்ணீர் பீடிங்கைத் தாண்டாமல், கதவின் உள்பேட் (உள்பக்கம் மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகை) அடியிலிருந்து கசிந்தால் பிரச்சினை வேறு. கண்ணாடியோரம் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்புதான். அது அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியே போய்விடும். கதவைச் சாத்தும்போது சளக் சளக்கென்று சத்தம் கேட்டால் துளை அடைத்திருக்கிறது. விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை விட்டுக் குத்தினாலே போதும். துளை சரியாக இருந்தும் உள்ளே வருகிறது என்றால், பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பிரிந்திருக்கும். ஸ்பீக்கர் மாற்றிய வண்டியா? அப்படியானால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். பேடைக் கழற்றினால் கிளிப் உடையும், அதை ஷோரூமிடமே விடுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய திருத்தம்

தூக்கி நிற்கும் இடத்தில் பீடிங்கை ஒரு முழம் அளவுக்கு மட்டும் உருவுங்கள். முழு வாசலையும் கழற்றாதீர்கள். தகட்டு விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, அடியில் இருந்த தாள், நூல், மேட் ஓரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மறுபடி மாட்டும்போது மூலையில் தொடங்கி நேர்ப்பகுதிக்கு வர வேண்டும். இழுத்து மாட்டக் கூடாது. இழுபட்ட ரப்பர் சில நாளில் சுருங்கி, மூலையில் மறுபடி வாய் பிளக்கும். கொஞ்சம் கூடுதலாக இருக்கிற மாதிரி தெரிந்தால் அதை நீளம் முழுக்கப் பகிர்ந்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறக்குங்கள். நன்றாக உட்கார்ந்ததும் தட்டும் சத்தமே மாறும். சுத்தியல் வேண்டாம். கையால் இறங்காவிட்டால் அடியில் இன்னும் ஏதோ இருக்கிறது, அல்லது தகடு வளைந்திருக்கிறது.

பிறகு அந்த இடத்தில் மறுபடி தாள் சோதனை. பீடிங் சரியாக உட்கார்ந்தும் தாள் தொளதொளத்தால் கதவின் அமைப்பில்தான் குறை. கீலையோ, கதவுப் பூட்டு கவ்வும் கொக்கியான ஸ்ட்ரைக்கரையோ சரி செய்ய வேண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டியில் அந்த ஸ்குரூவில் கை வைக்காதீர்கள்.

சிலிக்கான் பசை ட்யூபை வாங்கி இடைவெளியில் பூசுவதும், மேலே இன்னொரு பீடிங் ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். இரட்டை பீடிங் போட்டால் கதவு கனமாகச் சாத்தும், "அடடா, கெட்டியா ஆயிடுச்சு" என்று தோன்றும். உண்மையில் கம்பெனி பீடிங் அமுங்க வேண்டிய அளவுக்கு அமுங்காமல் போகும்.

ஷோரூமில்

"சார், மழைன்னா லேசா இறங்கத்தான் செய்யும்" என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொல்வார். இறங்காது. தொழிற்சாலையை விட்டு வருமுன் வண்டிகளைத் தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கிறார்கள், அதற்கு ஷவர் டெஸ்ட் என்றே பெயர். "தம்பி, ஷவர் டெஸ்ட் பண்ணி, நானும் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்று சொல்லுங்கள். வண்டியை விடும்போது குறைகளை எழுதும் ஜாப் கார்டில் "பொதுப் பரிசோதனை" என்று எழுத விடாமல், "பின் இடது கதவு மேல் மூலையில் தண்ணீர் கசிகிறது" என்று இடத்தோடு எழுதச் சொல்லுங்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். ரப்பர் பாகங்களுக்கு வாரண்டி புத்தகத்தில் தனி விதி இருக்கலாம், போகுமுன் படித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் வேறு, மாட்டியதில் குறை வேறு என்று பேச அது உதவும்.

திரும்பத் திரும்பப் போயும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் மதுரையிலேயே இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் அங்கேயே போகலாம், குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

நனைந்த தரையை அப்படியே விடாதீர்கள். மேல் கார்பெட் காய்ந்தாலும் அடியில் உள்ள ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரம் பிடித்து நாறும். ஓரத்தைத் தூக்கி, துண்டு வைத்து அழுத்தி எடுத்து, கதவு நான்கையும் திறந்து வெயிலில் விடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேகுக்குப் போகிறது.

ஒட்டாமல், உறையாமல் இருக்க

கொச்சடையில் பெல்ட்டும் வெள்ளரிப்பட்டியில் டயரும் செய்யும் ஊர் நம்முடையது. ஆனாலும் கதவு ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய், கிரீஸ், வாசலின் என்று கையில் கிடைத்ததைத் தடவுகிறோம். கதவு பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதும் அதே கெடுதல்தான்.

கார் ஷாம்பூ கலந்த தண்ணீரில் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு, சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துணியால் தேயுங்கள். நேராக அடித்தால் கண்ணாடியிலும் பெடலிலும் பட்டு வழுக்கும். கத்திரி வெயிலில் நின்ற வண்டியின் கதவு "சர்ர்ர்" என்று ஒட்டிப் பிரிவது இதிலேயே நின்றுவிடும்.

மதுரையில் கதவு உறைய வாய்ப்பே இல்லை. கொடைக்கானலில் உண்டு. மார்கழி, தை மாதங்களில் கீழ்பூமி, ஜிம்கானா பக்கம் உறைபனி விழும். பீடிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் ஈரம் ஐஸாகிப் பசை போல் ஒட்டிக்கொள்ளும். மலை ஏறுவதற்கு முன் சிலிக்கான் ஸ்ப்ரேயைத் தடவிவிடுங்கள். போன இடத்தில் சாயங்காலம் வண்டி கழுவ யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரி பூட்டுமுன் வாசலைச் சுற்றிக் காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் நல்லது.

அப்படியும் காலையில் கதவு வரவில்லையா? கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், ரப்பரின் உதடு தகட்டோடு கிழிந்து வந்துவிடும். முதலில் கதவை உள்பக்கமாக, ஓரங்களில் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஐஸ் நொறுங்கினால் தானே விடும். இல்லாவிட்டால் வெயில் படும் பக்கத்துக் கதவை முயன்று, உள்ளே போய் ஹீட்டரைப் போட்டுக் காத்திருங்கள். விடுதியில் வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்ற வேண்டாம், கண்ணாடி விரிசல் விடலாம். கதவு திறந்ததும் பவர் விண்டோவை உடனே இறக்காதீர்கள். கண்ணாடியும் ரப்பரோடு ஒட்டியிருந்தால் மோட்டார்தான் அடிவாங்கும்.