அம்மா போன் பிள்ளை கையில்: ஒரே போன் உள்ள வீட்டுக்கான செட்டிங்

சென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பல வீடுகளில் பிள்ளைக்கென்று தனி போன் கிடையாது. வீட்டுப்பாடம் வருவதும் அம்மாவின் வாட்ஸப்பில்தான், ஜிபே இருப்பதும் அதே போனில்தான். பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் நல்ல ஆப், ஆனால் பிள்ளைக்குத் தனி போன் வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். பகிர்ந்து பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு போனுக்கு யூடியூப் கிட்ஸும் (பிள்ளைகளுக்கான யூடியூப் ஆப்) ஆப் பின்னிங்கும்தான் (ஒரே ஆப்பைத் திரையில் நிறுத்திப் பூட்டும் வசதி) சரி.

1. முதலில் பூட்டு. நீங்கள் போடும் பேட்டர்னைப் பிள்ளை மடியில் உட்கார்ந்தே ஆயிரம் தடவை பார்த்திருக்கும். அதை எடுத்துவிட்டு 6 இலக்க பின் நம்பர் வையுங்கள். பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம். கைரேகைப் பட்டியலில் பிள்ளையின் விரல் இருந்தால் நீக்குங்கள். யுபிஐ பின்னும் இதுவும் ஒன்றாக இருக்கவே கூடாது.

2. யூடியூப் கிட்ஸ். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஓரத்தில் உள்ள பூட்டுப் படத்தைத் தொட்டால் "பெரியவர்தானா" என்று சோதிக்க ஒரு பெருக்கல் கணக்கு வரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடும்! அதே திரையில் சொந்தக் கடவுக்குறியீடு வைக்கும் வசதி இருக்கிறது, முதல் நாளே வைத்துவிடுங்கள்.

அடுத்து செட்டிங்ஸில் பிள்ளையின் புரொஃபைலைத் திறந்து, உங்கள் கூகுள் பாஸ்வேர்டைக் கொடுங்கள். வயதுவாரியான பிரிவுகள் (5–8, 9–12) இருக்கின்றன. அவற்றை நம்புவதைவிட, நாமே தேர்ந்தெடுக்கும் முறையை எடுங்கள். நீங்கள் டிக் செய்த சேனலும் வீடியோவும் மட்டும்தான் வரும், தேடல் தானாக நின்றுவிடும். பத்து சேனல் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் ஆகும். ஆனாலும் செய்யுங்கள்.

3. ஆப் பின்னிங். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'பின்' (pin) என்று தேடுங்கள். போனுக்குப் போன் பெயரும் இடமும் மாறும், பெரும்பாலும் செக்யூரிட்டிக்குள் இருக்கும். அதை ஆன் செய்தால் மட்டும் போதாது. கீழேயே "விலக்கும் முன் பின் நம்பர் கேட்கவும்" என்று இன்னொரு சுவிட்ச் இருக்கும். அது ஆஃபில் கிடந்தால், விரலால் மேலே தள்ளிப் பிடித்ததும் பூட்டு கழன்று பிள்ளை வெளியே வந்துவிடும்.

யூடியூப் கிட்ஸைத் திறந்து, ரீசன்ட்ஸ் (திறந்திருக்கும் ஆப்கள் வரிசையாகத் தெரியும்) திரைக்குப் போய், ஆப் படத்தைத் தொட்டு, வரும் பட்டியலில் 'பின்' என்பதைத் தொடுங்கள். போனைக் கொடுக்கும் முன் நீங்களே வெளியே வரப் பாருங்கள். நம்பர் கேட்டால்தான் வேலை முடிந்தது.

வாட்ஸப்பைப் பின் செய்து கொடுக்காதீர்கள். பின் செய்த ஆப்பிலிருந்து வேறு ஆப் திறக்க வழியுண்டு. டீச்சர் அனுப்பிய லிங்க்கைத் தொட்டால் சாதாரண யூடியூபுக்கே போய்விடலாம். வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டதும் போனை வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் அனுமதி கேட்கும்படி வையுங்கள். வாட்ஸப் பிரைவசியில் குரூப்பில் சேர்க்கும் உரிமையை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள்.

5. வைஃபை இருந்தால், ரவுட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) இடத்தில் 1.1.1.3, இரண்டாவதாக 1.0.0.3 போடுங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் இலவச வசதி இது, ஆபாசத் தளங்களைத் தடுக்கும். ரவுட்டர் பாஸ்வேர்டு பெரும்பாலும் கேபிள்காரரிடமே இருக்கும், அவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். மொபைல் டேட்டாவுக்கு இது பொருந்தாது, யூடியூபுக்குள் ஓடும் வீடியோவையும் வடிகட்டாது.

டிவியில் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். டிவி அதே வைஃபையில் இருந்தால் டிஎன்எஸ் காவல் அதற்கும் கிடைக்கும். யூடியூபுக்கு மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

தெரியாத ஆள் பிள்ளைக்கு மெசேஜ் அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பிள்ளையை அடித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாது. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.