எடை குறைந்த அன்றாடக் கத்தி: நீங்களே வடிவமைப்பது எப்படி?

அன்றாடம் பையில் கிடக்கும் கத்திக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது. அட்டைப்பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, ஒரு பழம் நறுக்க, அவ்வளவுதான். அதற்காக 150 கிராம் எஃகைச் சுமந்து திரிய வேண்டாம். எடை குறைய வேண்டும் என்றதும் பலரும் முதலில் தேடுவது பிடிக்குக் கார்பன் ஃபைபர் தகட்டை. கணக்குப் போட்டுப் பார்த்தால் எடை ஒளிந்திருப்பது வேறு இடத்தில்.

முதல் கத்தி மடக்குக் கத்தியாக இருக்க வேண்டாம். அச்சு, பூட்டு, இடைவெளி என்று எல்லாமே நூலிழை பிசகாமல் அமைய வேண்டும். மடங்காத கத்தியே போதும். கத்தியின் நீளம், அதை வெளியே எடுத்துச் செல்வது பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். வரைய உட்காரும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

1. வரைந்து, அட்டையில் வெட்டிப் பாருங்கள்

அலகு 80 மி.மீ., பிடி 100 மி.மீ., அகலம் 25 மி.மீ. என்று தொடங்குங்கள். கெட்டி அட்டையில் வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். நான்கு விரலும் உட்காருகிறதா? ஆள்காட்டி விரல் கூர்ப்பக்கம் வழுக்காமல் இருக்கப் பிடியின் முன்பக்கம் சின்னதாக ஒரு இறக்கம் இருக்கிறதா? இந்த இரண்டும் சரியாக வரும்வரை அட்டையை வெட்டிக்கொண்டே இருங்கள்.

2. எடைக் கணக்கு

இதுதான் முக்கியமான படி. எஃகு ஒரு கன செ.மீ.க்கு சுமார் 7.8 கிராம். பிடித் தகட்டுக்கு வரும் பொருள்களில், கண்ணாடி இழையும் எபாக்ஸிப் பசையும் சேர்ந்த ஜி10 சுமார் 1.85. கார்பன் ஃபைபர் 1.55 பக்கம். துணியை ஃபீனாலிக் பிசினில் அழுத்திச் செய்யும் மைக்கார்ட்டா 1.4 பக்கம். ஆமாம், மைக்கார்ட்டா கார்பனைவிட லேசு!

இப்போது நம் கத்திக்கு வருவோம். 180 × 25 × 3 மி.மீ. எஃகுப் பட்டை 105 கிராம். அதையே 2.5 மி.மீ. தடிமனில் எடுத்தால் 88. பிடிக்குள் மறையும் பகுதி மட்டும் 49 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கைத் துளை போட்டு எடுத்தால் 16 கிராம் போகும். அலகை முதுகிலிருந்து கூர்வரை சரிவாகத் தேய்க்கும்போது இன்னும் 14 கிராமாவது போய்விடும். பிடிக்கு இருபுறமும் 4 மி.மீ. தகடு வைத்தால் ஜி10 37 கிராம், கார்பன் 31, மைக்கார்ட்டா 28. அதாவது ஜி10-ஐ விட்டுக் கார்பனுக்கு மாறினால் மிச்சம் 6 கிராம்தான். தடிமனைக் குறைத்ததிலும் துளைகளிலும் மட்டுமே 33 கிராமுக்கு மேல் மிச்சமாகிவிட்டது.

கார்பனின் பெரிய பலம் அதன் விறைப்பு. உள்ளே எஃகு முழு நீளத்துக்கும் ஓடும் பிடியில் அந்த விறைப்புக்கு வேலையே இல்லை. அழகுக்குப் போடுகிறேன் என்றால் தாராளமாகப் போடுங்கள். என்னைக் கேட்டால், முதல் கத்திக்கு மைக்கார்ட்டா. ஈரக்கையில் நன்றாகப் பிடிக்கும், கைக்கருவிக்கும் படியும்.

3. எஃகை வெட்டித் துளையிடுவது

துருப்பிடிக்காத ஏஇபி-எல் அல்லது 14சி28என் இரண்டும் மெல்லிய அலகுக்கு ஏற்றவை. ஏஇபி-எல் சவர பிளேடுக்காகவே உருவான எஃகு. வடிவத்தை வெட்டி, அரத்தால் தேய்த்து, எல்லாத் துளைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். பதம் ஏறிய பிறகு, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய பிறகு, சாதாரண டிரில் பிட் உள்ளே இறங்காது. ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி, வட்டத் துளைகளாகவே போடுங்கள். கூர்மையான மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அலகும் பிடியும் சேரும் இடத்தை மட்டும் தொடாதீர்கள். அழுத்தமெல்லாம் அங்கேதான் விழும்.

4. பதம் ஏற்றுவது

இந்த வகை எஃகுக்கு 1,050 டிகிரி செல்சியஸுக்கு மேல் சீரான சூடு வேண்டும். வீட்டு அடுப்பில் நடக்காது. இதற்கென்று உலை வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60 பக்கம் கேளுங்கள்.

5. அலகைத் தேய்ப்பது

திரும்பி வந்ததும் பெல்ட் கிரைண்டரில் சரிவைத் தேய்க்கலாம். கூர் வைக்கும் முன் விளிம்பு 0.4 மி.மீ. அளவுக்கு மெலிய வேண்டும். வெறும் விரலால் பிடித்தபடி தேயுங்கள். விரல் சுட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள். எஃகு நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று.

6. பிடித் தகடுகள்

வேலையைத் தொடங்கும் முன் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜி10, கார்பன் இரண்டின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். முகத்தோடு படியும், தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். முடிந்தவரை உப்புத்தாளையும் தகட்டையும் நனைத்தே தேயுங்கள். கார்பன் தூசி மின்சாரம் கடத்தும் என்பதால் மோட்டாருக்குள் போனாலும் வம்பு.

தகட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அழுத்திப் பிடித்துத் துளையிடுங்கள். இல்லாவிட்டால் பிட் வெளியே வரும் பக்கம் அடுக்குகள் பிய்ந்துகொண்டு வரும். ஜி10-இல் உள்ள கண்ணாடி இழை சாதாரண பிட்டைச் சீக்கிரமே மழுக்கிவிடும். கார்பைடு பிட் இருந்தால் நல்லது.

இரண்டு தகடுகளின் முன்முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து இப்போதே வழவழப்பாக்கிவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே கை வைத்தால் அலகில் கீறல் விழும்.

7. ஒட்டுவது

ஒட்டும் முகங்களை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடையுங்கள். அப்புறம் அந்த முகத்தை விரலால் தொடக் கூடாது. மெதுவாக இறுகும் எபாக்ஸியைத் தடவி, தகடுகளையும் எஃகையும் பிணைக்கும் பின்களைத் துளைகளில் செருகி, கிளாம்ப் போடுங்கள். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் பசையெல்லாம் வெளியே வந்துவிடும். தகடு அசையாத அளவு போதும். பிதுங்கிய பசை ஈரமாக இருக்கும்போதே பஞ்சால் வழித்துவிடுங்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும்.

கார்பன் தகடு என்றால் எபாக்ஸி எஃகு முழுவதையும் மூட வேண்டும். கார்பனும் எஃகும் நேரடியாகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் எஃகு வேகமாக அரிக்கும்.

8. உருட்டுவதும் கூர் வைப்பதும்

பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவத்துக்கு வரும்வரை ஓரங்களை உருட்டுங்கள். நடு நடுவே ஒரு அட்டைப்பெட்டியை அறுத்துப் பாருங்கள். கையில் எங்கே சிவக்கிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். அப்போது அலகு இன்னும் மழுங்கியே இருக்கட்டும், கூர் கடைசியில்தான். பக்கத்துக்கு 17 டிகிரி வாக்கில் சாணைக்கல்லில் பிடித்துக் கூர் வைத்ததும் தராசில் போடுங்கள். மேலே சொன்ன அளவுகளில் எடை 90 கிராமைத் தாண்டினால், பெரும்பாலும் அலகு இன்னும் தடிமனாக இருக்கிறது என்று பொருள். மறுபடி பெல்ட்டுக்குத்தான் போக வேண்டும்.