கார்பன் பிளேட் ஷூவ எப்படி போட்டா ரேஸ் வரைக்கும் உயிரோட இருக்கும்: கடலூர், பாண்டி பக்கம் ஓடுறவங்களுக்கு

சில்வர் பீச் ரோட்டுல காலையில எங்க கூட ஓடுற தம்பி ஒருத்தன் போன மாசம் புது கார்பன் ஷூ (அடியில தடியான ஃபோமும் அதுக்குள்ள கார்பன் தகடும் வச்ச ரேஸ் ஷூ) போட்டுட்டு வந்தான், பாக்கவே அவ்ளோ அழகா இருந்துச்சு, ஆனா ரெண்டு வாரமா கவனிக்கறேன், தினமும் 8 கிலோமீட்டர் ஈஸி ரன் அதுல தான், முடிச்சிட்டு அதே ஷூவோட டீக்கடை, அங்கேருந்து மஞ்சக்குப்பம் மார்க்கெட்டு. ஏன்டா இப்படி பண்றன்னு கேட்டா "20,000 குடுத்துட்டு பீரோல வச்சு பூட்டவாண்ணே?"ன்றான். அவனுக்கு ரோட்டோரமா நின்னு சொன்னத தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

மொதல்ல இந்த ஷூவுல எது தேயுதுன்னு தெரிஞ்சுக்கணும். நிறைய பேர் உள்ள இருக்கற கார்பன் தகடு தான் ஸ்பிரிங் மாதிரி தள்ளி விடுதுன்னு நெனைக்கறாங்க. 2017ல நைக்கி வேப்பர்ஃப்ளை 4% வந்தப்ப, அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டில ஆளுங்கள ட்ரெட்மில்ல ஓட விட்டு பாத்தாங்க, அப்ப இருந்த மத்த ரேஸ் ஷூவோட ஒப்பிட்டா அதே வேகத்துக்கு சராசரியா 4 சதவீதம் சக்தி கம்மியா செலவாச்சு. அப்புறம் 2022ல வந்த இன்னொரு ஆராய்ச்சியில அந்த தகட்டையே குறுக்க குறுக்க அறுத்து விட்டு ஓட வச்சாங்க, பெருசா வித்தியாசமே வரல! அதாவது வேலையில பெரும்பங்கு பாக்கறது அந்த தடியான ஃபோம் தான். பெபான்னு சொல்ற வகை, சாதா ஷூவுல இருக்கற இவிஏ ஃபோம விட லேசு, அமுக்கினா வாங்குன சக்திய நல்லாவே திருப்பி குடுக்கும். தகடு சீக்கிரத்துல ஒன்னும் ஆகாது, ஃபோம் தான் செத்துப் போகும். 450 கிலோமீட்டர் ஓடின பெபா ஷூவ வச்சு ஸ்பெயின் ஆளுங்க டெஸ்ட் பண்ணப்ப, புதுசுல இவிஏவ விட இருந்த லாபம் அதுக்குள்ள காணாம போயிருந்துச்சு. இத மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

அடுத்தது நமக்கு இது வேணுமா. அந்த 4 சதவீதம் வேகமான ஆளுங்கள வச்சு எடுத்தது. நம்மள மாதிரி வேகத்துலயும் டெஸ்ட் பண்ணிருக்காங்க, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்துல, அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிஷம், சராசரியா 1.4 சதவீதம் தான் லாபம், கிலோமீட்டருக்கு 6 நிமிஷ பேஸ்ல 0.9 தான். சில பேருக்கு ஒன்னுமே கெடைக்கல, சில பேருக்கு இன்னும் மோசமாவே இருந்துச்சு. அதனால ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர்) 2 மணி நேரத்துல ஓடுறவங்க மொதல்ல ஒரு நல்ல டெய்லி ட்ரெய்னர் (தினசரி ஓட்டத்துக்கான சாதா ஷூ) வாங்கி ஒழுங்கா வாரம் நாலு நாள் ஓடுங்க, அதுல வர்ற முன்னேற்றம் இத விட பல மடங்கு பெருசு, இத நான் அடிச்சு சொல்வேன். ஏற்கனவே வருஷக்கணக்கா ஓடுறீங்க, ஜனவரி சென்னை மாரத்தானுக்கு டைம் டார்கெட் இருக்குன்னா தாராளமா வாங்குங்க.

வாங்கிட்டீங்களா, இப்ப கணக்கு போடணும். ரேஸுக்கு உருப்படியா இருக்கறது 300 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க, கொஞ்சம் கூட கொறைய ஆகலாம், வெயிட்டு, கால் வைக்கற விதம், ரோடு எல்லாம் பொறுத்து. 20,000 ரூபாய்ன்னா கிலோமீட்டருக்கு 66 ரூபாய்க்கு மேல. வாரம் 40 கிலோமீட்டர் இதுலயே ஓடினா ரெண்டு மாசம் கூட வராது, ரேஸ் அன்னிக்கு செத்த ஃபோம்ல நிப்பீங்க. நான் பண்றது இது தான்: ஓட்டத்த பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்புல ஷூவ தனியா சேத்துடுவேன், அது பத்தாதுன்னு இன்சோல (ஷூவுக்குள்ள கால் வைக்கற மெத்தைய) எடுத்து அடியில மார்க்கர்ல தேதியும் கிலோமீட்டரும் எழுதுவேன். ரேஸுக்கு முன்னாடி ரெண்டு டெம்போ ரன் (கொஞ்சம் வேகமா, விடாம ஓடுறது), ரேஸ் பேஸ்ல ரெண்டு மூனு லாங் ரன், அப்புறம் ரேஸ். மத்ததெல்லாம் பழைய ட்ரெய்னர்ல. (2023ல பெர்லின்ல டிக்ஸ்ட் அசெஃபா மாரத்தான 2:11:53ல ஓடி பெண்கள் உலக சாதனை பண்ணப்ப போட்டிருந்த அடிடாஸ் ஷூ ஒன்னு வெறும் 138 கிராம், அது ஒரு மாரத்தானுக்கு தான்னு கம்பெனியே சொல்லுச்சு, லேசாக்க லேசாக்க ஆயுசு கொறையும்.)

புதுசுல ஒடனே 20 கிலோமீட்டர் போயிடாதீங்க. மொத தடவ 5, அடுத்த தடவ 8, நடுவுல ரெண்டு மூனு நாள் இடைவெளி. அடுத்த நாள் கெண்டைக்கால் எப்படி இருக்கு, பாதத்தோட மேல் பக்கம் நடு எலும்பு கிட்ட அமுக்கினா வலிக்குதான்னு பாருங்க. 2023ல டாக்டருங்க ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, கார்பன் ஷூ போட்டு ஓடின 5 பேருக்கு நேவிகுலர்ன்ற அந்த எலும்புல ஸ்ட்ரெஸ் இஞ்சுரி (திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு வர்ற காயம்). 5 பேர் தான், அதுக்காக பயப்பட வேணாம், ஆனா அந்த எடத்துல வலி வந்தா ரெண்டு நாள்ல சரியாயிடும்னு மேல ஓடாதீங்க, அது ஆற ரொம்ப நாள் எடுக்கற எலும்பு, நேரா டாக்டர் கிட்ட போங்க.

எங்க ஓடுறதுன்றது நம்ம ஊருக்கு முக்கியமான விஷயம். பாண்டி பீச் ரோடு, காலையில வண்டி விடாத நேரத்துல, இந்த ஷூவுக்கு அருமையான எடம், தார் ரோடு, மேடு பள்ளம் கெடையாது. ஆனா மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர் தான், முனைக்கு முனை திரும்பணும், இந்த ஷூவோட அடி 40 மில்லிமீட்டர் வரைக்கும் ஒசரம், குதிகால் பக்கம் ஒல்லி, பட்டுனு திரும்பினா கணுக்கால் மடங்கிடும். அதனால திரும்பற எடத்துல ரெண்டு மூனு ஸ்டெப் வேகத்த கொறச்சு அகலமா வட்டம் போட்டு திரும்புங்க. ஐப்பசி கார்த்திகை மழையில ரோட்டுல அடிச்சிருக்கற பெயின்ட்டும் டைல்ஸும் வழுக்கும், அடி ரப்பர் மெல்லிசு. ஃபெப்ரவரில நடக்கற ஆரோவில் மாரத்தானுக்கு இத எடுத்துட்டே போகாதீங்க, அது காட்டுக்குள்ள செம்மண் பாதை, வேரும் கல்லும் இருக்கும். சில்வர் பீச்ல ஓடி முடிச்சிட்டு அப்படியே மணல்ல எறங்கறதும் வேணாம், அடியில குழி குழியா இருக்கற டிசைன்ல மணல் ஏறி உக்காந்துக்கும்.

நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். போன வருஷம் மழையில நனஞ்ச ஷூவ அவசரத்துக்கு மொட்ட மாடியில வெயில்ல காய வச்சேன், மத்தியானம் 2 மணிக்கு போய் பாக்கறேன், முன் பக்கம் அடி ரப்பர் ஒரு ஓரமா ஃபோம விட்டு ஒரு விரல் நுழையற அளவுக்கு பிரிஞ்சு நிக்குது, பசை நூல் நூலா இழுக்குது. 120 கிலோமீட்டர் கூட ஓடல. மனசு ஆறவே இல்ல. அன்னிக்கு சாயங்காலம் தேவனாம்பட்டினத்துல வலை தைச்சிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் கிட்ட இத சொன்னப்ப, பக்கத்துல தார்ப்பாய் போட்டு மூடியிருந்த வலைய காட்டி "நைலான் வலையையே நாங்க வெயில்ல விடறதில்லப்பா, இத்துப் போயிடும், நீ போய் ஷூவ காய வச்சியே"ன்னாரு. அதுலேருந்து எனக்கு ஒரே பழக்கம் தான்: லேஸ தளத்தி இன்சோல வெளிய எடுத்து, உள்ள தினத்தந்தி பேப்பர கசக்கி திணிச்சு, ஃபேனுக்கு கீழ நெழல்ல வைக்கறது, ஒரு மணி நேரம் கழிச்சு பேப்பர மாத்தறது. வாஷிங் மெஷின் வேணவே வேணாம், சுடு தண்ணி வேணாம், பழைய டூத் பிரஷ்ஷும் பச்ச தண்ணியும் போதும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில, கார் டிக்கியில வச்சிட்டு ஆபீஸ் போறதும் அதே மொட்ட மாடி கத தான்.

ஷூ செத்துடுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கறது? பக்கவாட்டுல ஃபோம்ல சுருக்கம் விழும், அது மட்டும்னா பரவால்ல, எல்லா ஷூவுலயும் விழும். குதிகால் பக்கம் கட்ட விரலால அமுக்கி பாருங்க, அமுங்கி டக்குனு எழும்பினா உயிர் இருக்கு, மெதுவா திரும்பினாலோ கட்டையா இருந்தாலோ ஃபோம் செத்துட்டிருக்கு. டேபிள் மேல வச்சு பின்னாடிலேருந்து பாருங்க, உள் பக்கமோ வெளி பக்கமோ சாஞ்சு நின்னா அதுல ஓடாதீங்க. நான் நம்பறது ஒன்னு தான்: புதுசுல ஒரு நாள் காலை 5:30க்கு அதே ரோடு, அதே பேஸ்ல 5 கிலோமீட்டர் ஓடி ஹார்ட் ரேட்ட எழுதி வச்சுக்கோங்க. 100 கிலோமீட்டருக்கு ஒரு தடவ அதே மாதிரி ஓடுங்க, வெக்கையும் தூக்கமும் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கற நாளா பாத்து. ரெண்டு மூனு தடவ தொடர்ந்து ஹார்ட் ரேட் ஏறிட்டே இருக்கு, அடுத்த நாள் கெண்டைக்காலும் பிடிக்குதுன்னா அது ரேஸுக்கு ஆவாது.

அப்படி ஓஞ்சு போன ஜோடிய ஸ்டேடியத்துல ஓடுற ஸ்கூல் பசங்களுக்கு குடுக்கற பழக்கம் நம்ம கிட்ட இருக்கு, நல்ல மனசு தான், ஆனா ஃபோம் செத்த பிறகும் தகடு அப்படியே வெறப்பா தான் இருக்கும், வளர்ற புள்ளைங்க பாதத்துல அது தட்டிக்கிட்டே இருக்கும். அதுக்கு பதிலா அதுங்களுக்கு 3,000 ரூபாய்ல ஒரு சாதா ஷூ வாங்கி குடுங்க, பழச வீட்டுலேயே வச்சுக்கோங்க. அந்த தம்பிக்கும் இதையே தான் சொன்னேன், இப்ப அவன் மார்க்கெட்டுக்கு செருப்பு போட்டுட்டு போறான், இன்சோலுக்கு அடியில 112ன்னு எழுதி வச்சிருக்கான்.