சாக்ஸபோன் மாணவர்களே, பல்கலைக்கழகக் கச்சேரியில் இந்தத் தவறுகள் வேண்டாம்

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் படிக்கிறவர்கள், தேர்வுக் கச்சேரி நெருங்கிவிட்டால் விரல் வேகத்தைத்தான் விழுந்து விழுந்து சாதகம் செய்கிறார்கள். ஆனால் கேட்கிறவரை முதலில் உறுத்துவது மூச்சு. ‘வாதாபி கணபதிம்’ வாசிக்கும்போது ‘கண’ என்ற இடத்தில் மூச்சு தீர்ந்து, இழுத்துக்கொண்டு அப்புறம் ‘பதிம்’ வந்தால், சென்னையில் எந்த அரங்கிலும் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் மனசுக்குள் கூடவே பாடிக்கொண்டிருக்கிறார்கள். சாஹித்யம், அதாவது பாட்டின் சொற்கள், தெரியாமல் ஸ்வரத்தை மட்டும் மனப்பாடம் செய்வதால் வரும் கோளாறு இது. வாசிக்கப் போகும் ஒவ்வொரு உருப்படியையும், அதாவது பாட்டையும், முதலில் வாய்விட்டுப் பாடுங்கள், குரல் நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. சொல் எங்கே முடிகிறதோ அங்கே மூச்சுக்குப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கத்ரி கோபால்நாத் நாகஸ்வரத்தில் தொடங்கி சாக்ஸபோனுக்கு வந்தவர், பிறகு சென்னையில் மிருதங்கக் கலைஞர் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கற்றார், அந்தக் குரு பாடகரும்கூட. கத்ரியின் பதிவுகளைக் கேட்டு அந்த வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், பாட்டு எப்படிப் பாட்டாகவே வருகிறது என்பதைக் கேளுங்கள்.

நாக்கும் அப்படித்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ‘து து’ என்று தட்டினால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, துண்டு துண்டாகிவிடும். சாஹித்யத்தின் எழுத்து தொடங்கும் இடத்தில் தட்டுங்கள், மற்ற இடத்தில் காற்று அறுபடாமல் போகட்டும். புல்லாங்குழலைப் போல விரலை நேராகத் துளை மேல் வழுக்க இதில் வழியில்லை, துளையை மூடுவது சாவியின் அடியில் இருக்கும் மெத்தை போன்ற பேட். அதனால் அசைவில் பெரும்பகுதி உதட்டிலும் தாடையிலும்தான் இருக்கிறது. உதட்டால் ஸ்வரத்தை இறக்குவது சுலபம், ஏற்றுவது கஷ்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அசைவு நிறைந்த தோடியைப் பிரதான ராகமாக எடுத்துக்கொண்டு மேடையில் திண்டாட வேண்டாம், கைக்கு வந்த ராகத்தையே விரிவாக வாசியுங்கள்.

சுருதி விஷயத்தில் பலர் கடைசி வாரம் வரை யோசிப்பதே இல்லை. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், ஆல்டோ சாக்ஸபோனின் மிகக் கீழான ஸ்வரம் ஒன்றரைக் கட்டை. நாலரைக் கட்டையில் கீழ் ஷட்ஜத்தை (ஸ) வைத்தால், அதற்கும் கீழே வரும் ‘ப’, அதாவது மந்திர பஞ்சமம், சரியாக அந்தக் கடைசி ஸ்வரத்தில் போய் நிற்கும், அதற்குக் கீழே அசைக்க இடமே இருக்காது. நாலு கட்டை என்றால் அந்தப் பஞ்சமமே கிடையாது! ஐந்து அல்லது ஐந்தரை வைத்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். முடிவு செய்ததும் மிருதங்கக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மிருதங்கத்தை அவர் எடுத்துவர வேண்டாமா?

அப்புறம் ஏசி. நம் ஊர் வெயிலில் வெளியே நின்று சுருதி சேர்த்துவிட்டு, குளிர்ந்த அரங்குக்குள் போய் அப்படியே வாசிக்கத் தொடங்கினால் சுருதி இறங்கியிருக்கும், ஏனென்றால் குழலுக்குள் காற்று குளிர்ந்தால் ஒலி இறங்கும், சூடானால் ஏறும். எலெக்ட்ரானிக் தம்புரா அசையாது. அரங்குக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மௌத்பீஸைக் கார்க்கில் உள்ளே தள்ளினால் ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். தொடக்கத்தில் வாசிக்கும் வர்ணம் முடிந்ததும் ஒருமுறை சரிபாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மௌத்பீஸில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய தகடான ரீடும் ஏசியில் சீக்கிரம் காய்ந்துவிடும். அன்றைக்கென்று புத்தம் புது ரீடைப் பிரிக்காதீர்கள், ஏற்கெனவே வாசித்துப் பழகிய மூன்று நான்கைக் கையோடு வைத்திருங்கள்.

வயலின், மிருதங்கத்தோடு ஒத்திகையே பார்க்காமல் மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பெரிய கலைஞர்களுக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது. கொடுத்த நேரத்தில் ஆறேழு உருப்படிகளைத் திணித்து, கடைசியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை ஓரிரு நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்வது மிருதங்கக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

மைக்கைக் குழலின் அகன்ற வாய்க்குள் செருகவும் விடாதீர்கள். கீழ் ஸ்வரங்கள்தான் அந்த வாய் வழியாகப் பெரிதாக வரும், மற்றவை பெரும்பாலும் உடம்பிலுள்ள துளைகள் வழியாகவே வெளியேறுகின்றன. ஓரடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்தபடி வைக்கச் சொல்லுங்கள். ஒலி அமைப்பவரிடம் இதைக் கச்சேரிக்கு முன்பே போய் மரியாதையாகக் கேளுங்கள், மேடையில் உங்களுக்காக வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரில் தம்புரா உங்கள் காதுக்குத் தெளிவாக வருகிறதா என்றும் பார்த்துவிட்டு உட்காருங்கள்.