பயணப் படகில் நங்கூரமும் சங்கிலி அறையும்: முதல்முறை அமைப்பவர்களுக்கு

அன்று பகல் முழுவதும் எதிர்காற்றில், அலைமேல் ஏறி இறங்கி வந்தோம். மாலையில் ஒரு குடாவுக்குள் நுழைந்து நங்கூரத்தை இறக்கினால், 12 மீட்டர் சங்கிலி போய் அப்படியே நின்றுவிட்டது. சங்கிலியை இறக்கி ஏற்றும் இயந்திரமான வின்ட்லஸில் ஒரு கோளாறும் இல்லை. அறைக்குள் கிடந்த சங்கிலிக் குவியல்தான் பகலில் சரிந்து, தன் மேலேயே விழுந்து மாட்டிக்கொண்டிருந்தது. காற்று எங்களைப் பின்னால் நின்ற படகை நோக்கித் தள்ள, ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க, நான் முன் கேபினில் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையால் சங்கிலியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு முழு அமைப்பையும் கழற்றி மறுபடி செய்தேன். செய்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த நங்கூரம் வாங்கலாம் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சங்கிலி எங்கே விழுகிறது, எப்படி விழுகிறது என்று எழுதுபவர்கள் குறைவு. அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

படி 1: எவ்வளவு சங்கிலி?

நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தின் ஆழம், நீர்மட்டத்திலிருந்து அணியத்தில் (படகின் முன்முனையில்) சங்கிலி உருண்டு இறங்கும் ரோலர் வரை உள்ள உயரம், ஓதத்தில் கடல்மட்டம் ஏறும் அளவு, இந்த மூன்றையும் கூட்டுங்கள். முழுக்கச் சங்கிலி என்றால் அதைப்போல் 5 மடங்கு விடலாம். பாதிக்கு மேல் கயிறு என்றால் 7 மடங்காவது வேண்டும். 6 மீட்டர் ஆழம், 1 மீட்டர் ரோலர், 2 மீட்டர் ஓதம் என்றால் 9. ஐந்து மடங்கு 45. காற்று வலுத்தால் கூடுதலாக விட இருப்பு வேண்டுமே, அதனால் நான் 60 மீட்டர் வைத்திருக்கிறேன்.

ரோலர் உயரத்தை விட்டுவிடாதீர்கள். 3 மீட்டர் ஆழத்தில் 15 மீட்டர் சங்கிலி விட்டால் ஐந்து மடங்கு என்று தோன்றும். ரோலரின் 1 மீட்டரைச் சேர்த்தால் அது நான்கு மடங்குகூட இல்லை.

10 மீட்டர் நீளமுள்ள படகுகளில் 8 மி.மீ. சங்கிலி பரவலாக இருக்கிறது. அது மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ, 60 மீட்டருக்கு 85 கிலோவை ஒட்டி வரும். 10 மி.மீ. என்றால் மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, மொத்தம் 138 கிலோ. அத்தனை எடையும் அணியத்தில் உட்கார்ந்தால் படகு ஒவ்வொரு அலையிலும் மூக்கைக் குத்தும். சங்கிலியைத் தடிமனாக்குவதைவிட, அந்த எடையில் ஒரு பங்கை எடுத்து நங்கூரத்தை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

நங்கூர வகையில் எனக்குப் பிடித்தது குழிந்த அலகு (மண்ணில் இறங்கும் தகடு) உள்ள புதிய வடிவம்: ரோக்னா, ஸ்பேட், மான்டஸ் போன்றவை. சீக்கிரம் மண்ணுக்குள் இறங்கும். பழைய படகுகளில் பெரும்பாலும் கலப்பை வடிவ சி.கியூ.ஆர். தொங்கும். 1933-ல் அதை வடிவமைத்தவர் ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர். பாய்ம அலைகளையும் சுழல்களையும் ஆராய்ந்த இயற்பியலாளர், தானே படகும் ஓட்டியவர். அந்த நங்கூரம் இன்றும் வேலை செய்யும். இறுகிய மண்ணில் பிடிக்க மட்டும் நேரமெடுக்கும். எதை வாங்கினாலும், முதலில் அட்டையில் அதன் வடிவத்தை வெட்டி ரோலரில் வைத்துப் பாருங்கள். பல நங்கூரங்களின் முனை படகின் உடம்பில் இடிக்கும்.

படி 2: சங்கிலியும் ஜிப்ஸியும்

வின்ட்லஸில் சங்கிலியைக் கவ்வும் பல்சக்கரம்தான் ஜிப்ஸி. அதன் பள்ளங்களில் கண்ணிகள் சரியாக உட்கார வேண்டும். சங்கிலியின் மி.மீ. அளவு மட்டும் தெரிந்தால் போதாது. எந்தத் தரத்தில் செய்தது என்பதும் தெரியவேண்டும். 10 மி.மீ. சங்கிலியில் ஜெர்மன் தரமான டின் 766-க்குக் கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ.; சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4565-க்கு 30 மி.மீ. ஒரு கண்ணிக்கு 2 மி.மீ. வித்தியாசம் கையில் பார்த்தால் தெரியாது, சக்கரத்தில் சங்கிலி தாவித் தாவிக் குதிக்கும். 8 மி.மீ.-ல் இரண்டுக்கும் 24 தான், தொல்லை இல்லை. ஜிப்ஸியின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு, ஒரு சாண் துண்டு வாங்கிவந்து சுற்றிப் பார்த்த பிறகே முழு நீளத்துக்குப் பணம் கொடுங்கள்.

படி 3: ஷேக்கிள்

நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் U வடிவ வளையம் இது. கால்வனைஸ் செய்தது (துத்தநாகம் பூசியது), தாங்கும் எடை அதன்மேல் பொறித்தது, இந்த இரண்டும் இருந்தால் போதும். சங்கிலியைவிட ஓர் அளவு பெரியது வாங்குங்கள், ஆனால் அதன் ஆணி சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குள் நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மரையில் லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) தடவி, இறுக்கி, ஆணியின் துளை வழியாகக் கம்பி கோத்து முறுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் டை போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வெயிலில் நொறுங்கி, ஒருநாள் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

படி 4: சங்கிலி அறை

என்னைத் தடுக்கி விழவைத்தது இந்தப் படிதான்.

தளத்துத் துளை வழியாக உள்ளே வரும் சங்கிலி தரையில் பரவிப் படுக்காது. நேர் கீழே கூம்பாக உயரும். கால்வனைஸ் சங்கிலியின் மேற்பரப்பு சொரசொரப்பானது, அதனால் கூம்பு செங்குத்தாக நிற்கும். ஸ்டெயின்லெஸ் சங்கிலி வழுக்கும் என்பதால் தாழ்வாகப் பரவும். கூம்பு உயர்ந்தால் இரண்டு தொல்லைகள். ஒன்று, கடலில் ஆடும்போது உச்சி சரிந்து அடுத்து வெளியே போகவேண்டிய கண்ணிகளை மூடிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான். இரண்டாவது, நங்கூரத்தை ஏற்றும்போது நடப்பது. ஜிப்ஸியிலிருந்து சங்கிலியைக் கீழே உரித்து எடுப்பது, துளைக்குக் கீழே தொங்கும் சங்கிலியின் சொந்த எடைதான். கூம்பின் உச்சி துளையை நெருங்கிவிட்டால் தொங்குவதற்கு எதுவும் இல்லை; சங்கிலி சக்கரத்தோடேயே சுற்றிவந்து இறுகிக்கொள்ளும்.

ஆகவே ஒரே ஓர் அளவு முக்கியம்: முழுச் சங்கிலியும் உள்ளே இருக்கும்போது கூம்பின் உச்சிக்கும் துளையின் அடிவாய்க்கும் இடையே உள்ள இடைவெளி. 30 செ.மீ.-க்குக் குறைந்தால் நான் நம்பமாட்டேன். அளப்பது எளிது. அமைதியான நாளில் சங்கிலி முழுவதையும் வெளியே விட்டுவிட்டு, 10 மீட்டர் 10 மீட்டராக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே போய் டேப் வைத்து உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது மீட்டரில் இடம் தீர்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் படகில் 40-லேயே தீர்ந்தது.

காரணத்தைத் தேடினால், அறையின் நடுவில் யாரோ ஒரு பிளைவுட் தளம் போட்டிருந்தார்கள், அதன்கீழே சாமான் வைப்பதற்காக. அதை அறுத்து எடுத்ததும் 25 செ.மீ. கிடைத்தது. அடியில் ரப்பர் பாய் விரித்து, நீர் வடியும் துளையைப் பெரிதாக்கினேன். அந்தத் துளை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சேறு அடைக்காத அளவுக்கு விரல் நுழையும் அகலம் இருக்கட்டும்.

சங்கிலிக்கு அகலமான அறையைவிட ஒடுங்கிய, ஆழமான அறைதான் நல்லது. பக்கச் சுவர்கள் கூம்பைச் சாயவிடாமல் தாங்கிப் பிடிக்கும். உங்கள் வின்ட்லஸ் செங்குத்து வகை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதன் மோட்டார் தளத்துக்குக் கீழே தொங்கும், அறையின் உயரத்தைத் தின்னும்.

சிலர் வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் வைத்துச் சங்கிலியைப் பின்னால், தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எடை நடுவுக்கு நகர்வதால் படகுக்கு அது நல்லது. ஆனால் குழாய் 45 டிகிரிக்குக் குறையாமல் சரிய வேண்டும்; படுத்தால் சங்கிலி நடுவழியில் நின்றுவிடும். எங்களுக்கு அந்தச் சரிவு கிடைக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

படி 5: வால்முனை

சங்கிலியின் கடைசிக் கண்ணி படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கவனக்குறைவில் எல்லாமே கடலுக்குள் போய்விடும். ஆனால் ஷேக்கிள் போட்டுக் கட்டாதீர்கள். நடு இரவில் நங்கூரத்தை விட்டுவிட்டு ஓடவேண்டிய நிலை வந்தால், பாரம் ஏறிய ஷேக்கிளைக் கழற்ற முடியாது. வலுவான கயிற்றால் கட்டுங்கள். அந்தக் கயிறு, சங்கிலி முழுவதும் போனபிறகு துளை வழியாக மேலே வந்து தளத்தில் ஒரு மீட்டராவது தெரியவேண்டும். அப்போதுதான் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று கத்தியால் அறுக்கலாம். கயிற்றைக் கட்டும் கொக்கிக்குப் பின்னால் அகலமான தகடு வைத்து போல்ட் போடுங்கள். அறுக்க நேர்ந்தால் முதலில் முனையில் ஒரு ஃபெண்டரை (படகின் பக்கத்தில் தொங்கவிடும் மிதக்கும் மெத்தையை) கட்டி, ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்துவிட்டு அறுங்கள். விடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 6: ஸ்னப்பர், மின்சாரம்

நங்கூரம் பிடித்தபிறகு பாரம் வின்ட்லஸில் இருக்கக் கூடாது. ஸ்னப்பர் என்பது இதற்குத்தான்: நன்றாக நீளும் மூன்று புரி நைலான் கயிற்றைச் சங்கிலியில் கட்டி, மறுமுனையைத் தளத்தில் கயிறு கட்டும் கிளீட்டில் போட்டு, இடைச் சங்கிலியைத் தொய்யவிடுங்கள். கயிற்றைச் சங்கிலியோடு சேர்க்க, எனக்குக் கொக்கியைவிட, கயிற்றையே சங்கிலியில் சுற்றிப் போடும் ரோலிங் முடிச்சு பிடிக்கும். சங்கிலி தளர்ந்து ஆடும்போது கொக்கி கழன்றுவிடும். ரோலரில் உரசும் இடத்தில் கயிற்றுக்கு ஒரு குழாய்த் துண்டு உறை போடுங்கள்.

1000 வாட் வின்ட்லஸ் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பித் தடிமனைப் போகவர இரண்டு தூரத்துக்கும் கணக்கிடுங்கள், பிரேக்கரை பேட்டரி அருகே வையுங்கள். ஏற்றும்போது இன்ஜினை ஓடவிட்டு, படகை மெல்ல முன்னால் நகர்த்துங்கள். படகை இழுக்கும் வேலையை வின்ட்லஸுக்குக் கொடுக்காதீர்கள்.

பிறகு சேர்த்தது: சங்கிலிக்குப் பின்னால் கயிறு பின்னியிருப்பவர் ஒருவர், கயிறு மட்டும் உள்ளே இறங்கவில்லை என்று கேட்டார். கயிற்றுக்குத் தன்னை இழுத்துக்கொள்ள எடை இல்லை, காரணம் அதுதான். எட்டுப் புரிப் பின்னல் கயிறு மூன்று புரியைவிட நன்றாக மடிந்து விழும். அப்படியும் ஒருவர் கையால் இழுத்துவிட வேண்டியிருக்கும்.

இன்னொன்று: நங்கூரத் தண்டோடு நேரடியாகச் சுழலியை (சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பை) பூட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். பக்கவாட்டில் இழுபடும்போது அதன் கைகள் வளைந்து உடையும். கட்டாயம் வேண்டுமென்றால் நடுவில் சில கண்ணிகள் விட்டுப் பூட்டுங்கள். நான் போடவே இல்லை. சங்கிலி முறுக்கோடு வந்தால், நங்கூரம் நீரைவிட்டு எழும்போது தானே பிரிந்துவிடுகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை சங்கிலியைத் தலைமாற்றிப் போடுங்கள், அப்போதே 10 மீட்டருக்கு ஒரு நிறம் என்று புதிதாகப் பெயின்ட் அடித்துவிடுங்கள். நான் ஒவ்வொரு குறியையும் அரை மீட்டர் நீளத்துக்கு அடிக்கிறேன். ஒரே கண்ணியில் அடித்த குறி டார்ச் வெளிச்சத்தில் கண்ணில் படுவதில்லை.