பூவரசம் பலகையில் ஒரு மணை: கையால் இழைத்து எபாக்சி பூசும் முறை

எபாக்சி ரெசினை (இன்னொரு திரவத்தோடு கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்) முதலில் வாங்கிவிட்டு, அதை எந்த மரத்தில் ஊற்றலாம் என்று தேடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். வரிசையை மாற்றுங்கள். முதலில் பலகை, அடுத்து மரத்தைச் சீவும் கூரான இழைப்புளி, ரெசின் கடைசி. இழைப்பில் விட்ட ஒவ்வொரு கீறலையும் ரெசின் பூதக்கண்ணாடி வைத்ததுபோல் எடுத்துக் காட்டும். அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் மரவேலையைப் பற்றித்தான் இருக்கும்.

செய்யப்போவது உட்காரும் மணை. நீளம் 45 செ.மீ., அகலம் 25 செ.மீ., அடியில் இரண்டு கால்கட்டைகள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. பெரிய இணைப்புகள் எதுவும் கிடையாது. ஆனால் பலகையை மட்டமாக்குவது, விளிம்பை நேராக்குவது, வெடிப்பை நிரப்புவது, மேற்பூச்சு என எல்லாமே இதில் வந்துவிடும்.

பலகை தேர்வு

நெல்லைச் சீமையில் பூவரசுக்குப் பஞ்சமில்லை. வாய்க்கால் கரையிலும் வீட்டு வேலியிலும் நிற்கும் மரம். வைரம் (மரத்தின் உட்பகுதி) சிவந்த பழுப்பாக, சில இடங்களில் கருவரியோடு இருக்கும். எபாக்சி பட்டதும் அந்த நிறம் ஆழமாகும். மரம் அறுக்கும் மில்லில் ஒன்றேகால் அங்குலக் கனத்தில் கேளுங்கள். இழைத்து முடிக்கும்போது சுமார் 28 மி.மீ. மிஞ்சும். ஓரத்தில் வெளிர் நிறமாக இருக்கும் வெளிறு சீக்கிரம் உளுத்துப்போகும், கூடியவரை அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பூவரசு கிடைக்காவிட்டால் வேம்பு, மஞ்சணத்தி, பலா எதுவும் ஆகும். பழைய வீடு இடித்த இடத்தில் தேக்குக் கதவுப்பலகை கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் இழைப்பதற்கு முன்பு ஒரு காந்தத்தை மேலே ஓட்டி, உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ரெசின் பூசுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பனையை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதன் கருநார் உளியின் வாயை (வெட்டும் விளிம்பை) எளிதில் மழுக்கிவிடும். சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பதும் பெரும்பாடு.

பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் அளக்கும் கருவி இல்லையென்றால் வீட்டுத் தராசு போதும். வாரம் ஒருமுறை பலகையை எடைபோட்டு எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் அது காய்ந்துவிட்டது. நிழலில், காற்றோட்டத்தில், அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் முனை வாய் பிளக்கும். முனைகள் இரண்டிலும் பழைய பெயின்டைத் தடவி வைத்தால் பிளப்பது குறையும். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக வெளியேறுகிறது.

வெடிப்புள்ள பலகையை மில்காரர் ஒதுக்கி வைத்திருப்பார். அதையே கேட்டு வாங்குங்கள். விலையும் குறையும், ரெசினுக்கு ஓர் உண்மையான வேலையும் கிடைக்கும்.

கருவிகளும் கூர் தீட்டுதலும்

ஓர் இழைப்புளி, அரை அங்குலமும் ஓர் அங்குலமுமாக இரண்டு உளிகள், கொட்டாப்புளி (மரச்சுத்தி), கைவாள், மூலைமட்டம், கைத்துரப்பணம் (துளையிடும் கருவி), இரண்டு கிளாம்ப், இரண்டு முகமுள்ள சாணைக்கல், உப்புத்தாள். இவ்வளவு போதும். மேசை இல்லாவிட்டாலும் கவலையில்லை. நம் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து பாதத்தால் பலகையை அழுத்திப் பிடித்தே எத்தனையோ கதவுகளைச் செய்திருக்கிறார்கள். தரையில் ஒரு தடுப்புக் கட்டை மட்டும் இருந்தால் பலகை நழுவாது.

கடையிலிருந்து வரும் இழைப்புளியின் அலகு அப்படியே வேலைக்கு ஆகாது. சாய்வான முகத்தைக் கல்லில் 25 முதல் 30 பாகைக் கோணத்தில் வைத்து, கோணம் மாறாமல் தேயுங்கள். வாயின் பின்பக்கம் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு எழும் வரை தேய்க்க வேண்டும். விரலை வாயை நோக்கி ஓட்டாமல் வாய்க்கு வெளியே இழுத்துப் பார்த்தால் அது தட்டுப்படும். அதற்கு முன்னால் நிறுத்தினால் கூர் வந்திருக்காது. பிறகு நுண்ணிய முகத்தில் அதையே செய்து, அலகைத் திருப்பி, பின்பக்கத்தைக் கல்லில் முழுவதும் படிய வைத்துப் பிசிறை எடுங்கள். பழைய தோல் பெல்ட்டில் பத்துப் பதினைந்து இழுப்பு. தொங்கவிட்ட செய்தித்தாளை ஓசையில்லாமல் அறுத்தால் கூர் சரி. இந்த ஒரு வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டவருக்குப் பிறகு எல்லாமே இலகுவாகும். மழுங்கிய அலகோடு போராடித்தான் பலர் இந்தக் கலையையே விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி இருந்தால் ஒரு மாலை அவரோடு இருந்து தீட்டும் கையை உற்றுப் பாருங்கள், கேட்டால் மனமுவந்து காட்டிக்கொடுப்பார்கள்.

மர இழைப்புளியில் அலகை இறுக்குவது ஆப்பு. அலகின் தலையில் சுத்தியால் லேசாகத் தட்டினால் வாய் கீழிறங்கும், கட்டையின் பின்முனையில் தட்டினால் மேலேறும். தாள் கனத்துக்குச் சீவல் சுருண்டு வரும் அளவில் நிறுத்துங்கள்.

பலகையை மட்டமாக்குதல்

பலகையின் இரு முனையிலும் ஒரே அளவான நேர்ச்சட்டங்களைக் குறுக்கே வையுங்கள். அலுமினியச் சேனல் துண்டுகள் இதற்கு ஏற்றவை. கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் பலகை முறுக்கியிருக்கிறது. உயர்ந்து நிற்கும் மூலைகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறுக்கும் சாய்வுமாக இழைத்து மேடுகளைக் குறையுங்கள். பிறகு நாரின் போக்கில் நீளவாக்கில். பூவரசில் நார் ஒரே திசையில் ஓடாத இடங்கள் உண்டு, அங்கே இழைப்புளி பிய்க்கும். அப்போது எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள், அலகை இன்னும் மேலேற்றுங்கள், இழைப்புளியைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். அப்படியும் பிய்த்தால், கனமான கையுறை போட்டுக்கொண்டு, நேராக உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டலாம். பழைய பட்டறை வழக்கம் இது, அருமையாக வேலை செய்யும்.

ஒரு முகம் மட்டமானதும் அதிலிருந்து 28 மி.மீ. அளந்து நான்கு பக்கமும் கோடு கீறி, மறுமுகத்தை அந்தக் கோடு வரை இழையுங்கள். விளிம்புகளை மூலைமட்டத்தால் சோதித்து நேராக்குங்கள். முனைகளை இழைக்கும்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கடைசி ஓரம் சிதறிவிடும்.

கால்கட்டை இரண்டு, 22 செ.மீ. நீளம், 4 செ.மீ. சதுரம். ஒவ்வொன்றிலும் மூன்று துளைகள். கட்டையின் அடியிலிருந்து 15 மி.மீ. ஆழத்துக்குத் திருகாணித் தலை இறங்கும்படி அகலமாகவும், மீதி 25 மி.மீட்டருக்கு 5 மி.மீ. அகலத்திலும் துளையுங்கள். 45 மி.மீ. திருகாணி பலகைக்குள் 20 மி.மீ. இறங்கும், மேலே எட்டாது. நடுத்துளையை அப்படியே விட்டு, ஓரத்துளைகள் இரண்டையும் வட்ட அரத்தால் கட்டையின் நீளவாக்கில் 9 மி.மீ. வரை நீட்டிவிடுங்கள். பங்குனியில் சுருங்கும் பலகை கார்த்திகை மழையில் அகலவாக்கில் விரியும். அதற்கு இடம் கொடுக்காமல் இறுக்கினால் புதிதாக ஒரு வெடிப்பு விழும். கால்களை இப்போது மாட்ட வேண்டாம், பூச்சு முடிந்த பிறகுதான்.

வெடிப்பை நிரப்புதல்

வெடிப்புக்குள் இருக்கும் பட்டை, மக்கிய மரம், வண்டு அரித்த தூள் அனைத்தையும் மழுங்கிய கத்தியாலும் கம்பிப் பிரஷாலும் எடுத்து, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். அடிப்பக்கத்திலும் முனையிலும் பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, நகத்தால் நன்றாக அழுத்துங்கள். அந்த டேப்பில் ரெசின் ஒட்டாது. ஆனால் நூலளவு இடைவெளி இருந்தாலும் இரவெல்லாம் ஒழுகித் தரைக்குப் போய்விடும்.

அளவைக் கணக்கிடுங்கள். வெடிப்பு 18 செ.மீ. நீளம், சராசரி 8 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழம் என்றால் 18 × 0.8 × 2.5 = 36 மில்லி. வீணாவதையும் சேர்த்து 45 மில்லி. இதை ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. ரெசினும் அதை இறுகச் செய்யும் திரவமான ஹார்டனரும் சேரும்போது வெப்பம் பிறக்கிறது. கனமாக ஊற்றினால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் நுரைக்கும், விரிசல் விடும். மூன்று தடவையாக ஊற்றுங்கள். நீங்கள் வாங்கிய ரெசின் கன அளவில் 2:1 என்றால் தடவைக்கு 10 மில்லி ரெசின், 5 மில்லி ஹார்டனர். ஊசி போடும் சிரிஞ்சால் அளப்பது எளிது. டப்பாவில் கன அளவு விகிதம் போட்டிருந்தால் எடைபோட்டுக் கலக்காதீர்கள், எடை விகிதம் போட்டிருந்தால் மில்லியில் அளக்காதீர்கள். இரண்டின் அடர்த்தியும் வேறு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் கலவை ஒருபோதும் சரியாக இறுகாது.

மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். கப்பின் அடியையும் ஓரத்தையும் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வேறொரு கப்பில் ஊற்றி இன்னும் ஒரு நிமிடம். நிறம் வேண்டுமானால் இப்போதே. என் தேர்வு கரி நிறம், அல்லது நிறமே இல்லாமல் தெளிவாக. பூவரசின் சிவப்புக்கு அருகில் பளிச்சென்ற நீலம் ஒட்டாது.

முதலில் சிறு பிரஷால் வெடிப்பின் உள்சுவர்களில் மட்டும் தடவுங்கள். மரத்திலிருந்து கிளம்பும் காற்றுக் குமிழிகளை இந்தப் பூச்சு அடைத்துவிடும். அது விரலில் பிசுபிசுக்கும் நிலைக்கு வந்ததும் முதல் ஊற்று. ஒவ்வொரு ஊற்றும் அதே பிசுபிசுப்பு நிலையில் இருக்கும்போது அடுத்ததை ஊற்றினால் நடுவில் தேய்க்க வேண்டியதில்லை. கடைசி ஊற்று பலகைக்கு மேல் சற்றுப் புடைத்து நிற்கட்டும். இரண்டு நாள் கழித்து, மெல்லிய சீவலாக இழைத்து மட்டமாக்கலாம்.

எந்த நேரம், எந்த மாதம்

டப்பாவில் போட்டிருக்கும் நேரக் கணக்கு பெரும்பாலும் 25 பாகை செல்சியஸுக்கு. நம் ஊரில் சித்திரை, வைகாசிப் பகலில் 37, 38 சாதாரணம். வெப்பம் 10 பாகை கூடினால் கலவையைப் பயன்படுத்தும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். 40 நிமிடம் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 20 நிமிடம்கூட இருக்காது. மெதுவாக இறுகச் செய்யும் ஸ்லோ ஹார்டனர் கேட்டு வாங்குங்கள். கலக்கியதைக் கப்பிலேயே வைத்திருக்காமல் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள்.

காலையில் பூசாதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சைத் துளைத்துக்கொண்டு வரும். மாலை 4 மணிக்கு மேல், வெக்கை இறங்கத் தொடங்கும்போது பூசினால் குளிரும் மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். குமிழி பாதிக்கு மேல் குறைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூச்சின் மேல் மெழுகுபோன்ற படலம் படியலாம். அடுத்த பூச்சுக்கு முன் வெதுவெதுப்பான நீரும் சொரசொரப்பான நாரும் கொண்டு கழுவி உலர்த்தினால் போய்விடும். ஆடிக்காற்றில் திறந்த திண்ணையில் செய்யவே கூடாது, புழுதி அத்தனையும் பூச்சில்தான் இறங்கும். எனக்குப் பிடித்த காலம் தையும் மாசியும்.

மேற்பூச்சு

பலகை முழுவதையும் 80, 120, 150 எண் உப்புத்தாளால் வரிசையாக நார் வாக்கில் தேய்த்து, தூளைத் துடையுங்கள். கூரான விளிம்புகளை லேசாக உருட்டிவிடுங்கள், கூர்மையான ஓரத்தில் ரெசின் நிற்காது.

கண்ணாடி போலக் கனமாக ஊற்றும் பழக்கத்தை நான் இந்த மணைக்குச் சொல்லமாட்டேன். உட்காரும் பொருளில் கீறல் விழும், கனமான பளபளப்பில் அது துருத்திக்கொண்டு தெரியும். மரமும் பிளாஸ்டிக்கைப் போலாகிவிடும். மெல்லிய பூச்சு இரண்டு போதும். 45 × 25 செ.மீ. பரப்பில் அரை மி.மீ. கனத்துக்கு 56 மில்லி ஆகும். விளிம்புக்கும் சேர்த்து 75 மில்லி கலக்குங்கள், அதாவது 50 ரெசின், 25 ஹார்டனர். பிளாஸ்டிக் தகட்டால் பரப்பி, பிரஷால் நார் வாக்கில் நீவுங்கள். குமிழி தெரிந்தால் ஹேர் டிரையரை ஓர் இடத்தில் நிறுத்தாமல் அதன் மேல் நகர்த்துங்கள். பிறகு நான்கு டம்ளர் மேல் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். மழை பெய்த இரவில் ஈசல் முழுவதும் உங்கள் பலகையைத் தேடித்தான் வரும்.

மறுநாள் 220 எண் தாளால் தேய்த்து இரண்டாம் பூச்சு. அடிப்பக்கத்துக்கும் இதே கணக்கு; மேலே மட்டும் பூசினால் இரு முகமும் ஈரத்தை வெவ்வேறு அளவில் இழுத்துப் பலகை குழியும். முழுவதும் இறுகிய பிறகு 600, 1000 எண் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, தேன்மெழுகு தடவினால் பளபளப்பு அடங்கி, தொடுவதற்கு மரமாகவே இருக்கும்.

நைட்ரைல் கையுறை இல்லாமல் ரெசினைத் தொடாதீர்கள். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் ஆயுளுக்கும் போகாது. கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான். தின்னரால் துடைப்பது அதைத் தோலுக்குள் அனுப்பும் வேலை. சன்னல்கள் திறந்திருக்கட்டும். தேய்க்கும்போது துகள் தடுக்கும் முகக்கவசம் கட்டாயம், அதிலும் அரைகுறையாக இறுகிய ரெசினைத் தேய்க்கவே கூடாது. மீந்த கலவையை வாய்க்காலிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், கப்பிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

பூசிய மறுநாளே கைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், முழு வலு ஏற ஏழு நாள் ஆகும். அதன் பிறகு கால்களை மாட்டி உட்காரலாம். சாதாரண எபாக்சி 50, 60 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். ஆகவே சுடுசட்டியை இதன் மேல் இறக்காதீர்கள், வெயில் விழும் முற்றத்திலும் போட்டு வைக்காதீர்கள். வெயில் பட்டால் பூச்சு மஞ்சளாகும். இரண்டு மூன்று ஆண்டில் மேற்பரப்பு மங்கினால் 320 எண் தாளால் தேய்த்து, ஒரு மெல்லிய பூச்சைப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம்.