பழைய போர்ஷே வாங்கும் முன் ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கொச்சியிலோ திருச்சூரிலோ போர்ஷே பார்த்து அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் பொள்ளாச்சிக்காரர்கள் எனக்கு போன் போடுவார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. தண்ணீரில் குளிரும் இன்ஜின் வந்த 90-களின் கடைசியிலிருந்து 2008 மாடல் வரையிலான பாக்ஸ்டர், கேமன், 911 பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தக் கால 911 டர்போவுக்கும் ஜிடி3-க்கும் ரேஸ் வண்டி வழி வந்த வேறு இன்ஜின், அவற்றை விட்டுவிடுங்கள்.

முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "சேட்டா, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் சைலன்சர் குழாயைத் தொடுங்கள். சுட்டால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை புகை தள்ளினால் பயமில்லை, படுத்த சிலிண்டர் அப்படித்தான். டிக் டிக் என்ற சத்தம் சூடான பிறகும் நிற்காமல், 911-இன் ஒரு பக்கக் குழாயில் மட்டும் எண்ணெய்க் கரி படிந்திருந்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம்.

அப்புறம் ஆயில் ஃபில்டர். அடியிலிருந்து கழற்றி, காகித மடிப்பை வெட்டி, வெள்ளைத் துணியில் விரித்து வெயிலில் பாருங்கள். மேலே காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டுகிற துகள் இரும்பு. பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். மினுங்கியும் ஒட்டாதது அலுமினியமாக இருக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு செயின் கைடாக (இன்ஜினுக்குள் ஓடும் செயினுக்கு வழிகாட்டும் துண்டு) இருக்கலாம், பேரிங் சீலாகவும் இருக்கலாம்.

எந்த பேரிங்? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் செயின்களை ஓட்டும் இடைத்தண்டின் ஒரு முனையில் இருப்பது. கிரீஸ் போட்டு சீல் வைத்தது. சீல் தளர்ந்தால் எண்ணெய் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும், ஆனால் உள்ளே ஓடிச் சுற்றாது. பேரிங் உடைந்தால் வால்வு திறந்து மூடும் நேரம் (டைமிங்) தவறி வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் போச்சு. 90-களில் பண நெருக்கடியில் இருந்த போர்ஷே கம்பெனி பாக்ஸ்டருக்கும் 911-க்கும் ஒரே இன்ஜின் குடும்பத்தை வைத்துச் செலவைக் குறைத்தது. அதில் தப்பில்லை. எண்ணெய் ஓட வேண்டிய இடத்தை அடைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2009 மாடல் இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை.

பழையவற்றில் கியர்பாக்ஸை இறக்கினால் பேரிங் மாற்றிவிடலாம். கிளட்ச் மாற்றும்போதே சேர்த்துச் செய்வது லாபம். 2006 முதல் 2008 வரையிலானவற்றில் பேரிங் பெரிது, உழைக்கும். ஆனால் மாற்ற இன்ஜினையே பிளக்க வேண்டும். மாற்றியாயிற்று என்றால் பில்லைக் கேளுங்கள். ஃபில்டரைத் தொட விடமாட்டேன் என்பவரிடம் விலை பேசவே வேண்டாம்.